டேலி திறக்கவில்லையா? ஃபார்மட் போட விடாதீர்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, பூட்டிக் கிடந்த ஆபீஸைத் திறக்கிற வாரத்தில்தான் இந்த அநியாயம் நடக்கிறது.

பாம்பனில் ஒரு கம்பெனி. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியை கிளிக் செய்தால் திறக்கவில்லை. ஷார்ட்கட் சுட்டும் கோப்பு இடம் மாறிவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது. கூப்பிட்டு வந்த சர்வீஸ்காரர் அதைப் படிக்கக்கூட இல்லை. "விண்டோஸ் போயிருச்சுண்ணே, ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் கூலி 5,500 ரூபாய். "பேக்கப் எடுத்தாச்சு" என்றார். எடுத்தது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும்தான். மூன்று வருஷக் கணக்கு அழிந்தது. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இருந்த இடத்தில் கிராக், அதாவது திருட்டு நகல், போட்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அதே ஆபீஸின் அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே பெட்டி. இந்த முறை விண்டோஸிலேயே இருக்கும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு மாதம் அணைந்து கிடந்த மெஷின் நெட் கிடைத்ததும் தன்னை அப்டேட் செய்துகொண்டு, டேலியைத் திறக்கும் எக்ஸ்இ கோப்பை வைரஸ் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்திருந்தது. ஒரிஜினல் டேலிதான் என்று உறுதி செய்துவிட்டு ரீஸ்டோர் கொடுத்தார்கள், டேலி ஃபோல்டரைச் சோதிக்காமல் விடும் 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் சேர்த்தார்கள். பத்து நிமிஷ வேலை.

எதுவும் சொல்லாமல் வட்டம் சுற்றி நின்றுவிட்டால் அது வேறு கோளாறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பழைய டேலி பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் 'எண்ட் டாஸ்க்' கொடுத்துத் திறந்தால் போதும். கீழ் மூலையில் தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட் பட்டன் பேட்டரி, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் லைசென்ஸ் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி தளம் எல்லாமே தகராறு செய்யும். டேலி திறந்தும் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விட்டால் அது எஜுகேஷனல் மோட், லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கிற நிலை. லைசென்ஸ் பிரச்சினை அது, விண்டோஸுக்குச் சம்பந்தமே இல்லை. சீரியல் நம்பரும் பதிவு செய்த மெயிலும் இருந்தால் 'ரீஆக்டிவேட்' செய்துகொள்ளலாம். இதற்குக் கிராக் போடுகிறவர் உங்களுக்குக் குழி தோண்டுகிறார்.

உப்புக் காற்று ரேம் என்கிற மெமரி அட்டையின் காலில் பச்சை பிடிக்க வைத்து மெஷினையே தடுமாற விடுவதும் நம் கரையில் சகஜம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்க நிறப் பட்டைகளை மெதுவாகத் துடைத்துப் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

சிபியுவை யாரிடம் கொடுத்தாலும் டேட்டாவை நீங்களே பென்டிரைவில் எடுத்த பிறகு கொடுங்கள். டேலி திறக்காவிட்டாலும் எடுக்கலாம். டேலி இருக்கும் ஃபோல்டரில் உள்ள 'டேலி.ஐஎன்ஐ' கோப்பை நோட்பேடில் திறந்தால் 'டேட்டா' என்று தொடங்கும் வரியில் பாதை இருக்கும். பெரும்பாலும் சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்று போகும். அதனால்தான் சி டிரைவை ஃபார்மட் செய்ததும் கணக்கு போகிறது. உள்ளே 10000, 10001 மாதிரி எண் பெயரில் கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். முழுசாக எடுங்கள், வேறொரு மெஷினில் திறந்து கடைசி பில் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் போட்டுவிட்டார்களா? அந்த மெஷினை உடனே அணையுங்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் டேட்டா மீட்பவர்களால் கொஞ்சமாவது எடுக்க வழி உண்டு. சுழலும் தட்டு இல்லாத புது வகை எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், கிடைப்பது அரிது. அப்போது ஆடிட்டரிடம் யாராவது பேக்கப் அனுப்பியிருக்கிறார்களா என்று பழைய மெயிலைத் தேடுங்கள்.