ஒரே வாக்குத்தத்தம், இரண்டு வாசிப்புகள்

"உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட ஆதியாகம வசனத்தை இன்றைய இஸ்ரேல் நாட்டோடு பொருத்தி வாசிப்பவர், 2006-இல் இஸ்ரேலுக்கு ஆதரவான பெரிய கிறிஸ்தவ அமைப்பொன்றை நிறுவிய அமெரிக்கப் போதகர் ஜான் ஹேகி. 2018 மே 14 அன்று எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது ஜெபித்தவர்களுள் அவரும் ஒருவர். இஸ்ரேலை உலக முடிவோடு இணைக்கும் இவ்வகை இறுதிக்காலப் போதனைகள் பலவற்றில் யூதர்கள் தீர்க்கதரிசனத்தின் பாத்திரங்களாகிவிடுகிறார்கள், பாலஸ்தீனர்களோ கண்ணிலேயே படுவதில்லை என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

பெத்லகேமில் லூத்தரன் போதகராக இருந்த முன்தர் ஐசக்கோ, அந்த வாக்குத்தத்தம் கிறிஸ்துவில் எல்லா இனத்தாருக்கும் விரிந்துவிட்டது என்கிறார்; அயலானின் துயரைக் காணும் இந்த வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. 2023 கிறிஸ்துமஸின்போது அவருடைய ஆலயத்தில் குழந்தை இயேசுவின் உருவம், வைக்கோல் தொட்டிலில் அல்லாமல், பாலஸ்தீனரின் கட்டம்போட்ட துணி சுற்றப்பட்டு, உடைந்த கான்கிரீட் துண்டுகளுக்கு நடுவே கிடத்தப்பட்டிருந்தது.