2டி கேமுக்கு எந்த எஞ்சின்: கோடாட், யூனிட்டி, கேம்மேக்கர்

கேமை உருவாக்க உதவும் மென்பொருள்தான் எஞ்சின். அண்டர்டேல் என்ற கேம், கேம்மேக்கரில் உருவானது. ஹாலோ நைட் யூனிட்டியில், டோம் கீப்பர் கோடாட்டில். 2024இல் வந்த பலாட்ரோவுக்கு எடிட்டர்கூடக் கிடையாது. லுவா என்ற நிரல்மொழிக்கான லவ் என்ற சிறிய கட்டமைப்பில் எழுதப்பட்டது. எனவே எதில் நல்ல 2டி கேம் செய்யலாம் என்று கேட்டால் எல்லாவற்றிலும் என்பதுதான் பதில். வேலைக்கு உதவும் கேள்விகள் வேறு: செய்யும்போது எங்கே சிக்குவீர்கள்? செய்து முடித்த பிறகு எந்தத் தளத்தின் கதவு மூடியிருக்கும்?

பிக்சல் கூர்மை

பிக்சல் ஆர்ட்டுக்கு 320×180 நல்ல அடிப்படை அளவு. நான்கு மடங்கில் 1280×720, ஆறு மடங்கில் 1920×1080 என்று அச்சாகப் பொருந்தும். 1366×768 லேப்டாப் திரைதான் தொல்லை. அதில் நான்கு மடங்கோடு நிறுத்தினால் இடம் வலம் 43 பிக்சலும் மேல் கீழ் 24 பிக்சலும் கறுப்புப் பட்டை விழும். விழட்டும். திரையை நிரப்பப் போனால் ஏறத்தாழ 4.27 மடங்காகி, ஒரு பிக்சல் தடித்தும் பக்கத்துப் பிக்சல் மெலிந்தும் தெரியும்.

கோடாட்டில் இதற்கு மூன்று மாற்றங்கள் போதும். புராஜெக்ட் செட்டிங்ஸில் டீஃபால்ட் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரெஸ்ட் ஆக்குங்கள் (பெரிதாக்கும்போது படம் மங்காது). ஸ்ட்ரெச் மோடை வியூபோர்ட் ஆக்குங்கள் (சிறிய அளவில் வரைந்து பிறகு பெரிதாக்கும்). ஸ்கேல் மோடை இன்டிஜர் ஆக்குங்கள் (முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும்). கடைசி வசதி 4.2 பதிப்பில்தான் வந்தது.

யூனிட்டி அடிப்படையில் முப்பரிமாண எஞ்சின். 2டி என்பது அதில், தூரத்தால் அளவு மாறாத ஆர்த்தோகிராபிக் கேமரா வழியாகப் பார்க்கும் தட்டையான உலகம். ஒவ்வொரு ஸ்ப்ரைட்டுக்கும் (கேமில் வரும் 2டி படம்) பிக்சல்ஸ் பர் யூனிட்டை 100இலிருந்து உங்கள் டைல் (தரையை அடுக்கும் சிறு கட்டப் படம்) அளவுக்கு (16 என்று வையுங்கள்) மாற்றி, ஃபில்டர் மோடைப் பாயின்ட் ஆக்கி, கம்ப்ரெஷனை நிறுத்த வேண்டும். ஒரு படத்தில் மறந்தால் அது மட்டும் மங்கலாகத் தெரியும். இந்த அமைப்பை ப்ரீசெட்டாகச் சேமித்து இயல்புநிலை ஆக்கிவிடுவதுதான் வழி. பிறகு பிக்சல் பெர்ஃபெக்ட் கேமராவைச் சேர்க்க வேண்டும்.

கேம்மேக்கரில் படம் தொடக்கத்திலேயே கூர்மையாக வரும். ஆனால் கேமரா 320×180, வியூபோர்ட் (திரையில் காட்டும் பரப்பு) 1280×720 என்று கொடுத்தால், சுழலும் ஸ்ப்ரைட் மட்டும் மற்றவற்றைவிட நுண்ணிய பிக்சலில் வரையப்பட்டு ஒட்டாமல் நிற்கும். கேம் முதலில் வரையப்படும் அப்ளிகேஷன் சர்ஃபேஸை 320×180க்குச் சுருக்கினால் சரியாகும்.

அசைவும் மோதலும்

யூனிட்டியின் இயற்பியல் கடிகாரம் இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை ஓடும். திரை 60 முறை புதுப்பிக்கப்படும். ஆறு ஃபிரேமுக்கு ஒன்றில் பாத்திரம் நகராமல் நிற்பதால், காரணம் புரியாத ஒரு விக்கல் தெரியும். பாத்திரத்தின் இயற்பியலைக் கவனிக்கும் ரிஜிட்பாடி 2டியில், இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிட்டு நிரப்பும் இன்டர்பொலேட்டைத் தேர்ந்தெடுங்கள். குதிக்கும் பொத்தானை, இயற்பியல் கடிகாரத்தோடு ஓடும் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் படிக்காதீர்கள். சில அழுத்தங்கள் தவறிப்போகும். ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும் அப்டேட்டில் படித்து ஒரு மாறியில் வைத்து, ஃபிக்ஸ்டு அப்டேட்டில் பயன்படுத்துங்கள்.

கோடாட்டின் கடிகாரம் 60. சாதாரணத் திரையில் சிக்கல் குறைவு. 144 ஹெர்ட்ஸ் திரையில் தெரியும். 2டிக்கான ஃபிசிக்ஸ் இன்டர்பொலேஷன் 4.3இல் வந்துவிட்டது. அதை இயக்கிய பிறகு, பாத்திரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ வைக்கும்போதெல்லாம் இன்டர்பொலேஷனை ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் திரையின் குறுக்கே இழுபட்டுப் போகும்.

கேம்மேக்கரில் எல்லாமே ஸ்டெப் கணக்கு. நொடிக்கு 60 ஸ்டெப், ஒவ்வொன்றிலும் இத்தனை பிக்சல், அவ்வளவுதான். தனி ஆளாக ஆக்‌ஷன் கேம் செய்பவருக்கு இந்த எளிமை பெரிய வரம். விலை ஒன்று உண்டு: பழைய கணினியில் ஃபிரேம் குறைந்தால் கேமே மெதுவாகும்.

தரை தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஓடும் பாத்திரம் நடுவில் தட்டி நிற்கிறதா? யூனிட்டியில் ஒவ்வொரு டைலும் தனிப் பெட்டியாக இருப்பதால் இரண்டு டைல் சேரும் மூலையில் கால் மாட்டுகிறது. டைல்மேப் கொலைடரோடு (டைல்களின் மோதல் எல்லை) அவற்றை ஒன்றாக இணைக்கும் காம்போசிட் கொலைடர் 2டியைச் சேர்த்து, ரிஜிட்பாடியை ஸ்டாட்டிக் ஆக்கினால் தரை ஒரே துண்டாகும். கோடாட்டில் பாத்திரத்தை நகர்த்தப் பயன்படும் கேரக்டர்பாடி 2டி பெரும்பாலும் இதில் மாட்டாது. கேப்சூல் வடிவம் கொடுத்தால் இன்னும் நல்லது.

திரையில் தமிழ்

வசனம் தமிழில் வரப்போகிறது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சோதியுங்கள். ஒப்பீடு இங்கே சமமாக இல்லை.

கோடாட் 4 எழுத்து வடிவமைப்புக்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைப் போட்டால் கொம்பு, கால், சுழி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் வரும். ஒரே ஒரு நுணுக்கம்: வசனத்தை எழுத்தெழுத்தாகத் தோன்றவைத்தால், ‘கொ’ வரவேண்டிய இடத்தில் முதலில் ‘க’ வந்து பிறகு மாறும். உரையைக் காட்டும் லேபிளில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ ஆக மாற்றினால் இந்தத் துடிப்பு போய்விடும்.

யூனிட்டியில் உரை காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கு’, ‘மூ’ போன்றவை சேராமல் உடையும். கேம்மேக்கரில் உரை வரையும் டிரா டெக்ஸ்டிலும் இதே கதி. வசனம் குறைவென்றால் வரிகளைப் படமாக்கி ஸ்ப்ரைட்டாக வைக்கலாம். நிறைய இருந்தால், பாமினி போலக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை வைக்கும் பழைய எழுத்துருவுக்கு உரையை மாற்றிக் கொடுப்பது இன்றும் வேலை செய்யும் உத்தி. ஆனால் பிழை திருத்தும் ஒவ்வொரு முறையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வசனம் மிகுந்த தமிழ்க் கேமுக்குக் கோடாட் தவிர மற்றதைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கே வெளியிடுவது, எவ்வளவு செலவு

பிரவுசரில் ஓடும் கேம் என்றால் கோடாட்டில் அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும். கோடாட் 4இல் சி ஷார்ப் மொழியில் எழுதிய புராஜெக்டுக்கு வெப் எக்ஸ்போர்ட் (பிரவுசரில் ஓடும் வடிவமாக மாற்றும் வசதி) இல்லை. 4.0 முதல் 4.2 வரை சர்வரில் தனி ஹெட்டர் (பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு) அமைக்காவிட்டால் கேம் திறக்காது. 4.3இல் ஒற்றை த்ரெட் எக்ஸ்போர்ட் வந்து அந்தத் தலைவலி தீர்ந்தது. மெதுவான இணைப்பில் சட்டென்று திறக்க வேண்டிய சின்னக் கேமுக்கு, இந்த மூன்றையும் விட்டுவிட்டு லுவாவில் இயங்கும் டிஃபோல்டைப் பாருங்கள். அதன் வெப் பில்டு மிகச் சிறியது.

கன்சோல்தான் இலக்கு என்றால் கோடாட் பின்தங்குகிறது. அதிகாரபூர்வ எக்ஸ்போர்ட் கிடையாது. இதற்கென்றே உள்ள நிறுவனங்களிடம் பணம் கொடுத்து போர்ட் செய்ய (கன்சோலில் ஓடும்படி மாற்ற) வேண்டும். யூனிட்டியில் இது நன்கு தேய்ந்த பாதை. மொபைலில் விளம்பரம், ஆப்புக்குள் விற்பனை ஆகியவற்றுக்கான பிளக்கின்களும் அதில்தான் அதிகம்.

கோடாட், எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் முழுக்க இலவசம். கேம்மேக்கர் 2023 நவம்பரிலிருந்து வணிகமல்லாத கேமுக்கு இலவசம். விற்பதற்கு ஒருமுறை 99.99 டாலர், கன்சோலுக்குத் தனிச் சந்தா. யூனிட்டி பெர்சனல், 12 மாத வருமானமும் நிதியும் சேர்ந்து 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசம். 2023 செப்டம்பரில் அறிவித்த, கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்ப வாங்கும் ரன்டைம் கட்டணத்தை அந்த நிறுவனம் அடுத்த செப்டம்பரில் கைவிட்டது. ஆனாலும் விதிகளை ஒரே அறிவிப்பில் மாற்ற முனைந்ததை, பல ஆண்டு ஓடும் திட்டத்துக்கு எஞ்சின் தேடுபவர் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

கோடாட்டைத் தேர்ந்தால் யூடியூபில் பாடத்தின் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கினிமேட்டிக்பாடி 2டி என்று வந்தால் அது பதிப்பு 3. அந்த நிரல் 4இல் ஓடாது. 4.3க்கு முந்தைய பாடங்களில் வரும் டைல்மேப் நோடுக்கு (கேமைக் கட்டும் கூறு) பதில் இப்போது டைல்மேப்லேயர்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வாரத்தில் ஓர் அறை, ஒரு பாத்திரம், இரண்டு வரி வசனம் மட்டும் செய்து, நீங்கள் விற்க நினைக்கும் தளத்துக்கே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கையெழுத்திட்ட ஏஏபி கோப்பு (பிளே ஸ்டோரில் ஏற்றும் வடிவம்) வரை போங்கள். ஆண்ட்ராய்டு, ஜாவா கருவித்தொகுப்புகளான எஸ்டிகே, ஜேடிகே ஆகியவற்றின் பதிப்புக் குழப்பங்கள் அங்கேதான் காத்திருக்கும்.