டூல் பெல்ட்: தோலா, நைலானா, கேன்வாஸா? செட்டிநாட்டு மரவேலைக்கு ஓர் ஒப்பீடு

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் நிலைக்கதவைச் சீர்செய்தபோது, ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு, மேல்நிலையின் செதுக்கு வேலையிலிருந்து பிரிந்திருந்த ஒரு தாமரை இதழை ஒட்ட வேண்டியிருந்தது. உளிக்கு ஒரு முறை, கொட்டாப்புளிக்கு ஒரு முறை, மறந்துவிட்ட பென்சிலுக்கு ஒரு முறை என்று அன்று காலை மட்டும் இருபது தடவைக்கு மேல் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு கையில் கருவி இருந்ததால், ஏணியைப் பிடிக்க மற்றொரு கைதான் மிஞ்சியது. டூல் பெல்ட்டைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கியது அன்றுதான். அதற்குப் பிறகு தோல் பெல்ட், நைலான் பெல்ட், உள்ளூர்த் தையற்காரரிடம் தைத்த கேன்வாஸ் முன்கட்டு ஆகிய மூன்றையும் இடுப்பில் கட்டி வேலை செய்து பார்த்துவிட்டேன். வாங்க நினைக்கும் தச்சர்களுக்கும், புதிதாகத் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் டூல் பெல்ட்டுகள் நின்றும் நடந்தும் வேலை செய்யும் தச்சரை மனத்தில் வைத்து உருவானவை. மரச்சட்டங்களை நிறுத்தி வீடு கட்டும் அமெரிக்கத் தச்சர் நாள் முழுவதும் நடந்துகொண்டே ஆணி அடிப்பவர். அவருக்குப் பட்டறையே இடுப்பில்தான் இருக்கிறது. நம் ஊர் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, பாதத்தாலும் கால்விரல்களாலும் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு செதுக்கிப் பழகியவர்கள். கருவிகள் கையெட்டும் தூரத்தில் ஒரு சாக்கின்மேல் விரித்துக் கிடக்கும். அப்படி உட்காரும்போது இடுப்பில் பை தொங்கினால், அது தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே மடிந்து, உள்ளிருக்கும் மூலைமட்டம் விலாவைக் குத்தும். ஆகவே திண்ணையில் உட்கார்ந்து செய்யும் செதுக்கு வேலைக்கு எந்தப் பெல்ட்டும் வேண்டியதில்லை. உளிகளை வரிசையாகச் செருகிச் சுருட்டி வைக்கும் துணிச்சுருளும் பழைய மரப்பெட்டியும் போதும். நிலை நிறுத்துவது, கீல் மாட்டுவது, வளவு எனும் உள்முற்றப் பகுதியின் தூண்தலையைப் பார்ப்பது, மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் தேக்குச் சட்டங்களைச் சாரத்தில் ஏறிச் சோதிப்பது போன்ற வேலைகளுக்குத்தான் பெல்ட் தேவை.

அந்த வேலைகளுக்கு இதுவரை நாம் என்ன செய்துவந்தோம்? ஆணியை வேட்டி மடியில் கட்டிக்கொண்டோம். நான்கைந்தை வாயில் கவ்விக்கொண்டோம். பென்சிலைக் காதில் செருகினோம். பச்சை நிற அகலப் பெல்ட்டைக் கைலிக்கு மேல் கட்டுபவர்கள் அதன் பையில் டேப்பையும் பணத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். பென்சிலும் பச்சைப் பெல்ட்டும் இருக்கட்டும். ஆணியை வாயில் வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிட வேண்டும். ஏணியில் கால் சறுக்கி மூச்சை உள்ளிழுக்கும் ஒரு நொடியில் அது தொண்டைக்குள் போய்விடும்.

இனி தோல் பெல்ட். இதன் பெரிய சிறப்பு பையின் வாய் எப்போதும் திறந்தே நிற்பது. கெட்டியான தோல் தன் வடிவத்தைத் தானே தாங்குவதால், கண் கதவில் இருக்க, கை தானாகப் பைக்குள் போய் வேண்டிய ஆணியோடு திரும்பும். இந்த ஒரு வசதிக்காகவே பலர் அதன் எடையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பையும் அகலமான பட்டையும் சேர்ந்த முழுத் தோல் பெல்ட், ஒன்றும் போடாமலே இரண்டரைக் கிலோ வரை இருக்கும். புதிதாக வாங்கியது இடுப்பின் வளைவுக்குப் படியச் சில வாரங்கள் ஆகும். படிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கூர்முனையும் அதை எளிதில் கிழித்துவிடாது.

தோல் வாங்குவதில் ஒரு நுட்பம் உண்டு. தாவரச் சாற்றில் பதனிட்ட தோலுக்குத் தமிழ்நாடு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் அதற்குப் பயன்பட்டன. அத்தகைய தோல் விறைப்பாக இருப்பதால் பை தைக்க மிகவும் ஏற்றது. ஆனால் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் கறுப்பு மை காய்ச்சினார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தோலில் தங்கியிருக்கும் துவர்ப்பும் கருவியின் இரும்பும் வியர்வை ஈரத்தில் கூடினால் அதே மைதான் உண்டாகிறது. சித்திரை வெயிலில் வேலை முடித்து அவிழ்த்த என் வேட்டியில் கைப்பிடி அகலத்துக்குக் கறுப்புக் கறை ஏறியிருந்தது; எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. வேட்டியோடு போயிற்று என்று விடலாம். வெளிறிய மரத்தில் அந்த ஈரத் தோல் உரசினால் அங்கேயும் கறை விழும். குரோமியத்தில் பதனிட்ட தோலில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது மெத்தென்று இருப்பதால் பையின் வாய் விரைவில் படுத்துவிடும். பெல்ட் பட்டைக்கும் பைகளுக்கும் தாவரப் பதனிட்ட தோலையே எடுத்து, உடம்போடு ஒட்டும் உட்புறத்தில் தடித்த பருத்தித் துணியைத் தைத்துக்கொள்வதுதான் நான் கண்டறிந்த வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். தேங்காய் எண்ணெயை அளவில்லாமல் தேய்ப்பவர்கள் உண்டு. தோல் தளர்ந்து, எதற்காகத் தோலை வாங்கினோமோ அந்த விறைப்பே போய்விடும். தேன்மெழுகு கலந்த மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லிதாகப் பூசினால் போதும்.

நைலான் பெல்ட் எடையில் தோலுக்குப் பாதிதான். நனைந்தால் சீக்கிரம் காயும், கறை ஏற்றாது, விலையும் மிகக் குறைவு. வெளிநாட்டு முழுத் தோல் பெல்ட் இருபதாயிரம் ரூபாயையும் தாண்டும்; நைலான் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். துணியை நெய்த நூலின் பருமனை டெனியர் என்ற எண்ணால் சொல்வார்கள்; 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அந்த எண். 600 டெனியர் பாலியெஸ்டர் என்பது பள்ளிக்கூடப் பை தைக்கும் துணி. அது இந்த வேலைக்குத் தாங்காது. 1,000 டெனியருக்கு மேற்பட்ட நைலானாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் உளிக்கு முன் அது துணிதான். நான் வாங்கிய நைலான் பெல்ட்டில் 12 மில்லிமீட்டர் உளியை உறையில்லாமல் போட்டு வைத்தேன். மூன்றாவது மாதம் அதன் முனை பையின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்து, கீழ்ப்படியில் உட்காரும்போது தொடையைக் கீறிவிட்டது. தேக்கில் இயல்பாகவே மணற்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அதனால் நாம் அடிக்கடி சாணை பிடித்துக் கூராகவே வைத்திருக்கிறோம். நைலான் பை அந்தக் கூருக்காகத் தைக்கப்பட்டதில்லை. கிரைண்டர் பொறி பட்டால் உருகி ஓட்டை விழுவதும், வெல்க்ரோ ஒட்டுகளில் மரத்தூள் அடைந்து பிடிப்பு போவதும் மற்ற குறைகள்.

கேன்வாஸ் முன்கட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சமையற்காரர் கட்டும் முன்துணியைப் போல இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்வது. முன்னால் மூன்று அல்லது நான்கு பைகள். சில நூறு ரூபாயில் தைத்துவிடலாம், வேட்டிக்கு மேலும் கைலிக்கு மேலும் ஒழுங்காக நிற்கும், உட்கார்ந்தாலும் உறுத்தாது. ஆணி, திருகாணி, பென்சில், டேப் வரை சரி. சுத்தியலும் டிரில்லும் இதில் நிற்காது. கதவுக்குக் கீல், நாதாங்கி மாட்டும் ஒரு நாள் வேலைக்கு இதையே இன்றும் கட்டிக்கொள்கிறேன்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஏணியிலும் சாரத்திலும் நிற்பவர் தோலைத் தேர்ந்தெடுக்கட்டும். வெளிநாட்டுப் பெல்ட்டுக்குப் பணம் கொட்ட வேண்டாம், மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத தோலை வாங்கி, தோல் வேலை தெரிந்தவரிடம் மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு, இழுபடும் மூலைகளில் ரிவெட் அடித்துத் தைக்கச் சொல்லலாம். என் பெல்ட் அப்படித் தைத்ததுதான். இப்போதுதான் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் கேன்வாஸ் முன்கட்டில் தொடங்குவது நல்லது. எந்தக் கருவியை எத்தனை முறை எடுக்கிறோம் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், அதன் பிறகு பெல்ட்டைத் தைத்தால் பைகளின் அளவு சரியாக அமையும். நைலானை நான் மழைக்கால வெளிவேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வாங்குவதைவிட, எதை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெல்ட் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் கட்டினால் எடை முழுவதும் முதுகுக்குப் போகும். அளவு எடுக்கும்போது பேண்ட் அளவைச் சொல்லாமல், வேலைக்கு உடுத்தும் உடையின்மேல் இடுப்பெலும்பைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, நடுத்துளையில் பூட்டும்படி தைக்க வேண்டும். கைலிக்கு மேல் கனமான பெல்ட்டைக் கட்டினால் அது கைலியையும் சேர்த்து இறக்கிவிடும். அப்படி உடுத்துபவர்களுக்குப் பெல்ட்டைத் தாங்கும் தோள்வார் அவசியம். மற்றவர்களும் கருவிகளோடு ஐந்து கிலோவைத் தாண்டினால் தோள்வார் போட்டுக்கொள்வது நல்லது.

வலக்கைக்காரனான என் வலப்பக்கத்தில், கை தொங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே சுத்தியல். அதற்கு முன்னே உள்ள பையில் ஆறங்குல மூலைமட்டம், பென்சில், இரண்டு உளிகள். இடப்பக்கத்தில் டேப்பும் ஆணியும் திருகாணியும், ஏனென்றால் ஆணியை நிறுத்திப் பிடிப்பது இடக்கை. ஒன்றரை அங்குலமும் இரண்டு அங்குலமும் ஒரே அறையில் கலந்துவிட்டால் பெல்ட்டே வீண் என்பதால் நடுவில் ஒரு தடுப்பு வைத்தேன். முன்பக்கம் ஒரு சாண் அகலம் காலியாக இருந்தால்தான் குனியலாம். முதுகெலும்புக்கு நேராக எதையும் மாட்டக் கூடாது. சறுக்கி மல்லாந்து விழுந்தால் அந்தக் கருவி எலும்பில்தான் இறங்கும். பேட்டரி டிரில் ஒன்றரைக் கிலோ வரை வருவதால் அதை இடுப்பில் தொங்கவிடாமல், ஏணியின் மேல்படியிலேயே ஒரு கொக்கியில் மாட்டுகிறேன். உளிகளுக்கு உறை செய்ய, ஒரு சாண் பிவிசி குழாயை வெளியிடத்தில் அடுப்புச் சூட்டில் புகையாமல் காட்டி, இளகியதும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டையாகிவிடும். அடிப்பகுதியை மடித்து ஒரு ரிவெட் அடித்தால் முனை வெளியே வராது.

சுத்தியலைப் பற்றி இன்னும் ஒன்று. முன்பு இரும்பு வளையத்தில்தான் மாட்டியிருந்தேன். இரண்டாம் கட்டுக்குப் போகும் குறுகலான நடையில் சட்டென்று திரும்பியபோது சுத்தியல் வீசி, அதன் பிளவு வாய் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிழித்தது. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கண்ணாடி போல இருந்த இடத்தில் வெள்ளைக் கீறல். வீட்டு ஆச்சி கோபிக்கவில்லை, விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க ஐயா காலத்துப் பூச்சு தம்பி” என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பூச்சில் ஒட்டுப் போட்டாலும் ஒட்டு தெரியும். அன்றே இரும்பு வளையத்தைக் கழற்றி, சுத்தியல் காம்பை இறுக்கமாகப் பிடிக்கும் தோல் வளையத்தைத் தைத்தேன். பிளவு வாய் உடம்பின் பக்கம் திரும்பியிருக்கும்படிதான் இப்போது மாட்டுகிறேன், நடையில் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்திலும் இதே கவலை உண்டு. உயரத்திலிருந்து ஓர் உளி விழுந்தால் பூ வேலையின் மூலை பெயர்ந்துவிடும், கீழே ஆள் நின்றால் சொல்லவே வேண்டாம். சாரத்தில் ஏறும் நாளில் சுத்தியலுக்கும் உளிகளுக்கும் ஒரு முழக் கயிற்றால் பெல்ட்டோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

தைத்து வந்த பெல்ட்டைப் பெற்றுக்கொள்ளும் முன், வழக்கமான கருவிகள் எல்லாவற்றையும் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏணியில் நான்கு படி ஏறி இறங்கி, திண்ணையில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். தொடையில் எது இடிக்கிறதோ அந்தப் பையை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளித் தைக்கச் சொல்ல அதுதான் சரியான நேரம். ரிவெட் இறுகிய பிறகு நகர்த்தினால் தோலில் பழைய ஓட்டை நின்றுவிடும்.