"நூற்றுக்கு நூறு இருபால் பப்பாளி": நாற்று வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து முன்பின் அறியாத ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். "டீச்சர், நீங்கள் வாங்கிய அதே பப்பாளி நாற்றில் ஆயிரம் வாங்கலாம் என்று இருக்கிறேன். தாவரவியல் டீச்சரே பார்த்து வாங்கியது என்று பண்ணைக்காரர் சொன்னார். காய்ப்பு எப்படி?" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அரை மணி நேரம் பேசினேன். அவர் தப்பித்தார். என் ஏமாளித்தனம் அந்த ஆளுக்கு விளம்பரமாகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

பண்ணையின் பெயரைப் போடவில்லை. காரணம் கீழே வரும். அதுவும் என் முட்டாள்தனம்தான்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, மாமரங்களுக்கு மருந்தடித்து அலுத்துப்போய், அரை ஏக்கரில் பப்பாளி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். சிவப்புச் சதை, நீளக் காய், பெங்களூரு வண்டிக்கு ஏற்ற ரகம். விசாரித்ததில் கிருஷ்ணகிரி சாலையில் ஒரு நாற்றுப்பண்ணையைச் சொன்னார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம் என்று மூன்று உண்டு. ஆண் மரம் நீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கும், காய்க்காது. பெண் மரம் உருண்டைக் காய் காய்க்கும்; உள்ளே கூடு பெரிது, சதை குறைவு. இருபால் மரத்தின் காய்தான் நீளமாக, சதைப்பிடிப்பாக வரும். சந்தைக்கு வேண்டியது அதுதான். நாற்றைப் பார்த்து எது எந்த மரம் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஐந்தாம் மாதம் பூத்தால்தான் தெரியும். வேரைப் பார்த்துச் சொல்கிறேன், விதையின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களும் உண்டு. அவர்களை நான் நம்பியதில்லை. என்னை விழவைத்தவர் வேறு ரகம்.

"சாதாரண நாற்று 15 ரூபாய் டீச்சர். அதில் பெண் மரம் கலந்துதான் வரும். இது 45 ரூபாய். ஏழு தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கை செய்து தூய்மையாக்கிய விதை. ஒரு பெண் மரம்கூட வராது" என்றார். எப்படி என்று கேட்டேன். நான் தாவரவியல் நடத்தியவள் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. மேஜையில் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவால் நான்கு கட்டம் வரைந்தார். மேலே 'இ', 'பெ'. பக்கத்தில் 'இ', 'பெ'. இருபால் ஓங்கு தன்மை, அதாவது ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது; பெண் ஒடுங்கு தன்மை, இரண்டு சேர்ந்தால்தான் தெரிவது. கட்டங்களை நிரப்பினார்: இஇ ஒன்று, இபெ இரண்டு, பெபெ ஒன்று. "இந்த 'இஇ'யை மட்டும் பிரித்தெடுத்து வைத்திருக்கிறோம். அதன் பிள்ளைகள் எல்லாம் இருபால்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.

22 ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போட்ட கட்டம் அது. பார்த்தவுடன் தலை தானாக ஆடிவிட்டது. மரபியலின் தந்தை மெண்டல் பட்டாணியில் செய்ததும் இதுதானே? அவர் எண்ணிய இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை; ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அந்த நெட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு தூய நெட்டை. அவற்றைத் தனியாக வளர்த்தால் காலத்துக்கும் நெட்டைதான் வரும். கணக்கில் பிழையே இல்லை. 600 நாற்று, 27,000 ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை, பாடம் தெரிந்த வியாபாரியிடம் பேரம் பேசக் கூச்சமாக இருந்தது.

"தூய விதை என்பதால் குழிக்கு ஒரு நாற்று போதும்" என்று வேறு சொல்லி அனுப்பினார். ஆடியில் ஆறடிக்கு ஆறடி குழி எடுத்து நட்டோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏனம்மா, குழிக்கு ஒன்றுதானா? நாங்கள் எல்லாம் மூன்று வைத்துப் பூவைப் பார்த்துக் கழிப்போமே" என்றார். அவருக்கு மெண்டலை விளக்கினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மார்கழியில் பூத்தது. முதல் வரிசையில் ஐந்தாவது மரம். மொட்டின் அடி சின்ன வெங்காயம் போலப் பருத்து, நுனி கூராக இருந்தது. நகத்தால் பிளந்தேன். இதழ்கள் அடிவரை ஐந்தும் தனித்தனியாகக் கழன்று வந்தன. உள்ளே பச்சைச் சூலகம், அதன் தலையில் விசிறி போலச் சூல்முடி. மகரந்தத் தாள் ஒன்றுகூட இல்லை. சுத்தமான பெண் பூ. இருபால் பூ என்றால் மொட்டு ஒல்லியாக நீண்டிருக்கும்; இதழ்கள் பாதிவரை குழலாக ஒட்டியிருக்கும்; உள்ளே மஞ்சள் மகரந்தப் பைகள் பத்து இருக்கும். ஆறாவது மரம் அப்படி இருந்தது. ஏழாவது மீண்டும் வெங்காயம்.

காலையில் தொடங்கிய கணக்கு மதியத்தில்தான் முடிந்தது. 600இல் 38 செத்துப்போய் 562 நின்றன. இருபால் 329, பெண் 190, ஆண் 43.

ஆம், ஆண் மரமும் 43.

பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "இந்த ஆண்டு பனி அதிகம் டீச்சர், பனியில் பப்பாளி பால் மாறும். மாசியில் சரியாகிவிடும்" என்றார். இதில்தான் அவருடைய சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். முழுப் பொய் சொல்வதில்லை. இருபால் மரத்தின் பூ தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறும் என்பது உண்மை. குளிர் மிகுந்தால் மகரந்தத் தாள்கள் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு, காய் கோணல் மாணலாக, வரி வரியாக விழும். ஆனால் பெண் மரம் எந்தப் பருவத்திலும் பெண் மரம்தான். பனிக்கும் மாறாது, வெயிலுக்கும் மாறாது. அது அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரியாது. மாசிவரை காத்திருந்தேன். இரண்டு மாதத் தண்ணீரும் உரமும் போயின. மரம் ஒன்றும் மாறவில்லை. அவர் கைப்பேசியை எடுப்பதை நிறுத்தியதுதான் மாற்றம்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தென்னாப்பிரிக்காவில் ஹாஃப்மெயரும் ஹவாயில் ஸ்டோரியும் 1938லேயே பப்பாளியின் பால் கணக்கைத் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் குரோமோசோம் மொழியில் சொன்னால், பெண் மரத்துக்கு இரண்டு எக்ஸ். ஆண் மரத்துக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இருபால் மரத்துக்கு ஒரு எக்ஸ், சற்றே மாறுபட்ட இன்னொரு வகை ஒய். எக்ஸ் இல்லாமல் இரண்டு ஒய் சேர்ந்தால், அவை எந்த வகையாக இருந்தாலும், கரு விதைக்குள்ளேயே செத்துவிடும். பண்ணைக்காரரின் 'இ' என்பது இந்த இருபால் வகை ஒய், 'பெ' என்பது எக்ஸ். அதாவது அந்த மனிதர் தாளில் எழுதிக் காட்டிய 'இஇ' என்ற மரம் உலகத்தில் எங்கும் நின்றதில்லை. முளைக்கவே முளைக்காது. உயிரோடு இருக்கிற ஒவ்வொரு இருபால் பப்பாளியும் கலப்புதான், 'இபெ'தான். இருபாலை இருபாலோடு சேர்த்தால் மூன்றுக்கு ஒன்று கிடைக்காது. நான்கில் ஒரு பங்கு செத்துப்போக, இரண்டுக்கு ஒன்று கிடைக்கும். ஏழு தலைமுறை என்ன, எழுபது தலைமுறை தூய்மையாக்கினாலும் மூன்றில் ஒரு மரம் பெண்ணாகத்தான் வரும்.

இந்த இரண்டுக்கு ஒன்று எனக்குத் தெரியாததா? 'கொல்லி மரபணு' என்று ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். 1907இல் ஜெர்மன் தாவரவியலாளர் பாவ்ர் ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடியில் கண்டது: பொன்னிற இலைச் செடி இரண்டு, பச்சை இலைச் செடி ஒன்று, தூய பொன்னிறம் பச்சையம் இல்லாமல் செத்துவிடும். இரண்டு மதிப்பெண் வினா. வரும், வராது என்று பிள்ளைகளுக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அது மெண்டலுக்குப் பின்னால் நாலைந்து பக்கம் தள்ளி இருக்கிறது. பண்ணையில் நின்றபோது என் மூளை அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

விஷயம் இதோடு முடிந்தால், பாவம், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று விட்டிருப்பேன். 43 ஆண் மரம் விட விடவில்லை. இருபால் மரத்தைத் தன் மகரந்தத்தால் சேர்த்தால் ஆண் மரம் பிறக்க வழியே இல்லை. ஆண் வகை ஒய் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஆக, எங்கோ நாட்டு ஆண் மரம் பக்கத்தில் நின்ற ஒரு தோட்டத்தில், வெளி மகரந்தம் விழாதபடி பூவுக்கு உறைகூடக் கட்டாமல் பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதை இது. தன் மகரந்தச் சேர்க்கையாவது, ஏழு தலைமுறையாவது! வைகாசியில் இரண்டாவது சாட்சியும் வந்தது. பழத்தை அறுத்தால் பல மரங்களில் மஞ்சள் சதை. பப்பாளியில் மஞ்சள் ஓங்கு, சிவப்பு ஒடுங்கு. சிவப்பும் சிவப்பும் சேர்ந்த பிள்ளை சிவப்பாகத்தான் இருக்கும். மஞ்சள் வந்தால் அப்பன் வேறு. மெண்டலை வைத்து என்னை ஏமாற்றியவரை அதே மெண்டலை வைத்துத்தான் பிடித்தேன், பத்து மாதம் தாமதமாக.

காய் வெட்ட வந்த வியாபாரிக்கு இந்த அறிவெல்லாம் தேவைப்படவில்லை. வண்டியைவிட்டு இறங்கி, வரிசையை ஒரு பார்வை பார்த்து, "நீளம் 11 ரூபாய், உருண்டை 5 ரூபாய், மஞ்சள் வேண்டாம் அம்மா" என்றார். மஞ்சளில் பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். ருசியில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் சிவப்பைவிட எனக்குப் பிடித்திருந்தது. ருசிக்கு மண்டியில் விலை இல்லை.

உண்மையான நட்டம் 27,000 ரூபாய்கூட இல்லை. குழிக்கு ஒன்று போதும் என்ற அந்த ஒரு வார்த்தைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாற்று பெண்ணாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. 600 குழியில் ஒவ்வொன்று நட்டால் 200 குழி வீண். இரண்டிரண்டு நட்டால், இரண்டுமே பெண்ணாகப் போவது ஒன்பதில் ஒன்று, ஏறக்குறைய 67 குழி. மும்மூன்று நட்டால் 27இல் ஒன்று; 22 குழிதான் வீணாகும். வரப்பில் நின்ற பெரியவர் ஒரு கட்டமும் போடாமல் இந்தக் கணக்கை வைத்திருந்தார். 15 ரூபாய் நாற்றில் மூன்று வைத்திருந்தால் எனக்கு அதே 27,000தான் ஆகியிருக்கும்.

நல்ல கம்பெனியின் வீரிய ஒட்டு விதையிலும் பெண் மரம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோக்கியமான நாற்றுக்காரர் அதைத் தானே சொல்வார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கோ 3, கோ 7 இரண்டும் இருபாலும் பெண்ணும் கலந்து வருபவை. கோ 2, கோ 5, கோ 8 ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். அவற்றில் இருபதுக்கு ஓர் ஆண் மரம் விட்டு மிச்ச ஆண்களை வெட்டிவிட வேண்டும். எந்த ரகம் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பதில் சொல்லாமல் "இது எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இலையைக் கிள்ளி ஆய்வகத்தில் டி.என்.ஏ. பார்த்து இருபால் நாற்றை மட்டும் பிரிக்க முடியும்; இருபால் மரத்தின் திசுவிலிருந்து கன்று வளர்க்கவும் முடியும். அப்படிச் செய்தோம் என்கிறவர் அதற்கான தாளைக் காட்டட்டும். விதையைத் தூய்மையாக்கிவிட்டோம் என்பவரிடம் காட்ட எந்தத் தாளும் இருக்காது.

இருபால் மரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் சூலகம் சுருங்கி, பூ ஆண் பூ போலாகி உதிர்ந்துவிடும். தண்டில் காய்க்கு நடுவே ஒரு முழம் வெறுமையாக நிற்கும். என் 329இலும் பலவற்றில் அந்த இடைவெளி விழுந்தது. மழைக்குப் பிறகு திரும்பப் பிடித்தது.

இப்போது ரசீது. எனக்குக் கிடைத்தது நோட்டுத் தாளில் '600 × 45' என்று எழுதிய ஒரு சீட்டு. பண்ணைப் பெயர் இல்லை, ரகம் இல்லை, உரிம எண் இல்லை, கையெழுத்துகூட இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். என்னுடையதைப் போல ஐந்து லட்சத்துக்குள் அடங்கும் கொள்முதலுக்குக் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் ஒருவர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதில் யார் யாருக்கு என்ன விற்றார்கள் என்றே இல்லையே" என்றார். பெயரைப் போடாததற்குக் காரணம் இதுதான். நாற்று வாங்க நினைப்பவர்கள் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். என் வீட்டிலிருந்து இரண்டுமே தொலைவில்லை. நான் போகவில்லை.

பாலக்கோட்டுக்காரர் பண்ணையில் காட்டிய புகைப்படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். பச்சைப் பசேல் என்று வரிசையாகக் கன்றுகள், ஓரத்தில் எங்கள் கிணற்று மேட்டுப் புங்கமரம். என் தோட்டம்தான். கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. ஐப்பசியில், நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு நானே எடுத்து அவருக்கு அனுப்பிய படம். ஒன்றும் பூக்கவில்லை அப்போது.