அந்த நாப் மட்டும் இல்லாவிட்டால் நல்ல வண்டி

நான் வைத்திருக்கும் பிக்கப் மாதிரியே பழையது ஒன்று விலைக்கு வருகிறது, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் மாடல், வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பட்டறை பில் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இன்ஜின், மைலேஜ் எல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. என் தகராறு கியர் பக்கத்தில் இருக்கும் அந்த நாப்போடு. 2எச், 4எச், 4எல் என்று போட்டிருக்குமே, அதுதான். 2எச் என்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நாலும், 4எல் என்றால் நாலும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துப் பாதையில் ஐப்பசி மழைக்கு அப்புறம் முன் சக்கரமும் இழுக்காவிட்டால் மூட்டையோடு ஏற முடியாது. பழைய மஹிந்திரா ஜீப்பில் இதற்கு ஒரு இரும்புக் கம்பி உண்டு. இழுத்தால் பல்லோடு பல் சேர்வது கையிலேயே தெரியும். இதில் நாப்பைத் திருகினால் கம்ப்யூட்டர் யோசித்து, அடியில் இருக்கும் சின்ன மோட்டாருக்குச் சொல்லி, அது மனசு வைத்தால்தான் முன் சக்கரம் சேரும். இல்லையென்றால் டாஷ்போர்டில் விளக்கு கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை ஓடையைத் தாண்டிய பிறகு மினுக்கியது. பட்டறையில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். வெளியே ஒரு எலக்ட்ரீஷியன் மோட்டாருக்குப் போகும் வயர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீர் புகுந்து உள்ளே இருக்கும் கம்பி முனை எல்லாம் பச்சை பூத்திருந்தது. துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. ஓடையில் இறங்குவதற்கென்றே விற்கிற வண்டியில், தண்ணீர் படுகிற இடத்திலா அந்தக் கனெக்டரை வைப்பார்கள்?

இந்த மழைக்கு மோட்டாரே போய்விட்டது, அதுவும் மேட்டின் நடுவில். பின் சக்கரம் ஒன்று மட்டும் சேற்றில் சுழல்கிறது, மற்றது சும்மா நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தால் சுழலும் சக்கரம் அடங்கி, நிற்பதற்கும் கொஞ்சம் இழுவை போகும். செய்தேன். டயரில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். அரை அடி நகர்ந்தது. கடைசியில் கயிறு கட்டி இழுத்து விட்டது ஒரு பழைய ஜீப். ஓட்டி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, நாப்பைப் பார்த்துச் சிரித்தார்.

நியாயமாகச் சொன்னால், 4எல் சேர்ந்துவிட்டால் இந்த வண்டிக்கு ஈடில்லை. முழு லோடோடு சரிவில் முதல் கியரில் விட்டால் பிரேக்கில் கால் வைக்க வேண்டாம், இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கும். பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்றுகூட முறியவில்லை. காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டிவிட்டு, திரும்ப விடுபடவில்லை என்று திட்டுகிறவர்களும் உண்டு. அது வண்டியின் குற்றமில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் போகும் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சரி, வாங்கலாமா? வாங்காதீர்கள். என்னுடையதை விற்கிறேனா என்று கேட்டால், அது வேறு விஷயம், விற்க மாட்டேன்.

மீறி வாங்குகிறவர்கள் தார் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஈர மண்ணில் இறக்கி, நிறுத்தி, நியூட்ரலில் 4எல் போடுங்கள். விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரிகிறதா பாருங்கள். அப்புறம் அடியில் படுத்து அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் விலையில் மோட்டார் காசைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.