டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ்: எதை எங்கிருந்து நிறுவுவது?

லினக்ஸில் மென்பொருளை நிறுவ முக்கியமாக நான்கு வழிகள் உண்டு: ஆப்ட் கட்டளை கொண்டுவரும் டெப், உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கலின் ஸ்னாப், பல வகை லினக்ஸுக்கும் பொதுவான ஃபிளாட்பேக், நிறுவாமலே இயக்கும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜ். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பிலிருந்து ஒரு விநோதம் நடக்கிறது. டெர்மினலில் ஆப்ட் கட்டளை கொடுத்து ஃபயர்பாக்ஸைக் கேட்டால், இறங்குவது பெயருக்கு ஒரு டெப் பேக்கேஜ். அது பின்னால் ஸ்னாப்பைக் கூப்பிட்டு, நிஜமான ஃபயர்பாக்ஸை ஸ்னாப் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்து வைக்கிறது. குரோமியம் பிரவுசருக்கு இந்த வேலையை 19.10-லேயே செய்துவிட்டார்கள். இது பிடிக்காத, உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்டின் குழு, 2020-ல் வந்த மின்ட் 20-ல் ஆப்ட் வழியாக ஸ்னாப் உள்ளே நுழையாதபடி பூட்டே போட்டுவிட்டது.

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சண்டை எதற்கென்றே தெரியாது. ஆனால் அதன் பலனை அனுபவிப்பது அவர்கள்தான். பென்டிரைவ் தெரியவில்லை, புக்மார்க் காணோம், ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் தமிழ் அடிக்க வரவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வரும் புகார்களில் பலவற்றைக் கிளறிப் பார்த்தால், அந்த மென்பொருள் எந்த வழியாக வந்தது என்பதில்தான் போய் நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த மென்பொருள் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரவுசரையே எடுத்துக்கொள்வோம், நாள் முழுக்கத் திறந்திருப்பது அதுதானே. ஸ்னாப் ஃபயர்பாக்ஸ் சுருக்கி அடைத்த கோப்பாக வருகிறது. கணினியைப் போட்டதும் முதல் முறை திறக்கும்போது அந்தத் தாமதம் தெரியும். முன்பைவிட இப்போது வேகம் கூடியிருக்கிறது, ஆனாலும் பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மடிக்கணினியில் பொறுமை வேண்டும். வேகத்தைவிடப் பெரிய தொந்தரவு அதைச் சுற்றியுள்ள வேலி, அதாவது மற்ற கோப்புகளைத் தொடவிடாத பாதுகாப்பு எல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் அதற்குத் தெரியாது. டெம்ப் ஃபோல்டரில் வேறொரு மென்பொருள் போட்டு வைத்த கோப்பைத் திறக்கச் சொன்னால், கண் முன்னால் இருக்கும் கோப்பையே இல்லை என்று சாதிக்கும். ஸ்னாப் ஒரு நாளில் நான்கு முறை அப்டேட் தேடுகிறது. பிரவுசர் திறந்திருந்தால் 'மூடுங்கள், இன்னும் 13 நாள் இருக்கிறது' என்று தவணை கேட்பதுபோல ஓர் அறிவிப்பும் வரும். வேலிக்கும் அப்டேட்டுக்கும் பாதுகாப்பில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் என் வாக்கு டெப் பக்கம்தான். 2024 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 122 வந்தபோது அதை உருவாக்கும் மொசில்லாவே டெப் ரெப்போ (ஆப்ட் மென்பொருளை எடுக்கும் கிடங்கு) ஒன்றைத் திறந்துவிட்டது. அதைச் சேர்க்கும்போது, இந்த ரெப்போவிலிருந்தே எடு என்று ஆப்டுக்குச் சொல்லும் முன்னுரிமை அமைப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். மொசில்லாவின் நிறுவல் குறிப்பிலேயே அது இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டிவிட்டால் உபுண்டுவின் பெயரளவு பேக்கேஜ் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாற்றுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். ஃபயர்பாக்ஸின் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர், வழிக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. டெப் என்றால் வழக்கமாக ஹோமில் புள்ளி வைத்த 'மொசில்லா' ஃபோல்டர், புதிய பதிப்புகளில் புள்ளி வைத்த 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள்ளும் இருக்கலாம். ஸ்னாப் என்றால் 'ஸ்னாப்' ஃபோல்டருக்குள். ஃபிளாட்பேக் என்றால் புள்ளி வைத்த 'வார்' ஃபோல்டருக்குள் 'ஆப்'. அதனால் வழி மாறியதும் புத்தம் புதிய பிரவுசர் திறக்கும், பழையது எல்லாம் போய்விட்டதென்று நெஞ்சு பதறும். எங்கேயும் போகவில்லை. மாற்றும் முன் ஃபயர்பாக்ஸின் சிங்க் வசதியைப் போட்டுவிட்டால் தலைவலி இல்லை. ஸ்னாப்பை அவசரமாக நீக்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு: நீக்கும்போது ஸ்னாப் தானே ஒரு நகல் எடுத்து 31 நாள் வைத்திருக்கும். நகல் எடுக்காமல் நீக்கும் 'பர்ஜ்' தேர்வைப் போட்டு நீக்கியிருந்தால் அதுவும் இல்லை.

அப்புறம் படம் திருத்தும் கிம்ப், திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ், படம் வரையும் இங்க்ஸ்கேப் மாதிரி பெரிய மென்பொருள்கள். இங்கே ஃபிளாட்பேக்தான் ஜெயிக்கிறது. உபுண்டு 24.04-ன் ஆப்டில் கேட்டால் கிம்ப் 2.10 வரும். கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். 24.04 போன்ற எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பின் ரெப்போவில் அப்படி பெரிய பதிப்பை இடையில் மாற்ற மாட்டார்கள். ஃபிளாட்பேக்குகளின் ஸ்டோரான ஃபிளாட்ஹப்பிலிருந்து இறக்கினால், அடிப்படைச் சிஸ்டத்தைத் தொடாமல் புதியது கிடைத்துவிடும். விலை டிஸ்க் இடம். முதல் மென்பொருளோடு க்னோம் அல்லது கேடிஇ ரன்டைமும் (மென்பொருள் ஓடத் தேவையான பொதுப் பாகங்கள்) வந்து இறங்கும், அதுவே பல நூறு எம்பி. மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்தடுத்த மென்பொருள்கள் அதே ரன்டைமைப் பகிர்ந்துகொள்வதால் சுமை குறையும். ஆனால் பழைய ரன்டைம்கள் சத்தமில்லாமல் தங்கிவிடும். அவ்வப்போது ஃபிளாட்பேக்கின் 'அன்இன்ஸ்டால்' கட்டளையை 'அன்யூஸ்டு' என்ற தேர்வோடு ஓட்டினால் கணிசமான இடம் திரும்பக் கிடைக்கும்.

ஃபிளாட்பேக்குக்கும் வேலி உண்டு, ஆனால் அதை நகர்த்துவது சுலபம். ஃபிளாட்சீல் என்ற சிறு மென்பொருளைப் போட்டால், எந்தச் செயலி எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்பதை சுவிட்ச் தட்டுவதுபோல மாற்றலாம். பென்டிரைவ் தெரியாத பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் 'விஎஸ் கோட்' எடிட்டரை ஃபிளாட்பேக்கில் போட வேண்டாம். உள்ளே திறக்கும் டெர்மினல் வேலிக்குள்ளேயே இருப்பதால், நீங்கள் சிஸ்டத்தில் நிறுவிய கம்பைலர் எதுவும் அதற்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தரும் டெப் நன்றாகவே வேலை செய்கிறது, ரெப்போவோடு சேர்ந்து அப்டேட்டும் ஆகிறது.

பிரின்டர், என்விடியா டிரைவர், எழுத்துரு, தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், அதன் தமிழ்99 இருக்கும் எம்17என் தொகுப்பு, இவையெல்லாம் ஆப்ட். விவாதமே வேண்டாம்.

ஸ்னாப்பைத் திட்டியே முடித்துவிடக்கூடாது. சர்வர் பக்கம் அது நல்ல வேலை செய்கிறது. இணையதளச் சான்றிதழுக்கான செர்ட்பாட்டை உருவாக்கியவர்களே ஸ்னாப்பைத்தான் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: ஸ்டோரின் சர்வர் மென்பொருள் திறமூலம் இல்லை, அது கனோனிக்கலின் கையில் மட்டும் இருக்கிறது. 2023-ல் போலி கிரிப்டோ வாலட்கள் அந்த ஸ்டோருக்குள் நுழைந்து பிடிபட்டன. அதற்குப் பிறகுதான் புதுப் பெயர்களை ஆள் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்த ஸ்டோரானாலும், வெளியிட்டவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்த குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். மின்ட் 22-ல் சரிபார்க்காத ஃபிளாட்பேக்குகள் முதலில் கண்ணிலேயே படாது. நல்ல முடிவு.

ஆப்இமேஜ் எப்போது? ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பை, பழையதைக் கலைக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால். ஓவியத்துக்கான கிரிட்டா, வீடியோ வெட்டும் கேடென்லைவ் இரண்டின் தளங்களிலும் ஆப்இமேஜ் கிடைக்கும். இறக்கி, வலது கிளிக்கில் 'இயக்கலாம்' என்ற அனுமதியைக் கொடுத்து, இரட்டைக் கிளிக் செய்தால் போதும். ஐபஸுக்குப் பதில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ் அடிப்பவர்களுக்கு, கியூட்டி என்ற நிரல் தொகுப்பில் எழுதிய சில ஆப்இமேஜ்களில் எழுத்து வராது, தேவையான செருகி உள்ளே இருக்காது. உபுண்டு 22.04-லிருந்து பல ஆப்இமேஜ்கள் திறக்கவே மறுப்பதற்குக் காரணம் அவற்றுக்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற துணைப் பேக்கேஜ் இல்லாதது, 24.04-ல் அதன் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. அதை மட்டும் போடுங்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று வெறும் 'ஃபியூஸ்' பேக்கேஜை நிறுவினால் அது ஃபியூஸ்3-ஐத் தூக்கிவிட்டு, டெஸ்க்டாப்பின் பாகங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். ஆப்ட் 'நீக்கப்படும்' என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள்.