இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11: டெண்டர் அலுவலகத்தில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

இந்தக் காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அனுபவப் பகிர்வா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர்களுக்கு இ-டெண்டர் போட்டுக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. ஊரே குரோமுக்குப் போன பிறகும் எங்கள் கணினிகளில் அந்த நீல நிற ‘இ’ பல வருடம் ஓடியது. இன்றும் முழுசாகப் போகவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் விடவில்லை? டோக்கன்தான் காரணம். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் அந்த யூஎஸ்பி டோக்கனைச் செருகி, பின் நம்பர் அடித்து, டெண்டர் ஆவணத்தில் கையெழுத்து இட வேண்டும். அந்த வேலையைப் பல தளங்கள் ஜாவா ஆப்லெட்டையோ ஆக்டிவ்எக்ஸையோ (இரண்டும் பிரவுசருக்குள் ஓடும் சின்ன நிரல்கள்) நம்பித்தான் செய்தன. குரோம் 2015-இல் அந்த மாதிரிப் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் 52-ஆம் பதிப்போடு ஜாவாவுக்குக் கதவைச் சாத்தியது. மிச்சம் இருந்தது 2013-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11, சுருக்கமாக ஐஇ 11 மட்டும்.

அது வேலை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மெதுவாகத் திறக்கும், புது இணையப் பக்கங்களைக் கோணலும் மாணலுமாகக் காட்டும். ஆனால் டெண்டர் தளத்தில் மட்டும் கச்சிதம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு முன் பிட் (டெண்டருக்கு நாம் போடும் விலைக் கேட்பு) அப்லோட் ஆக வேண்டும் என்கிற நேரத்தில் அழகு யாருக்கு வேண்டும்?

அப்படிக் கச்சிதமாக ஓடவைக்க நாங்கள் செய்ததைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். தளத்தின் கையேடு சொல்லும்: தளத்தை ‘டிரஸ்டட் சைட்ஸ்’ பட்டியலில் சேர், பாதுகாப்பு அளவைக் குறை, பாதுகாப்பானது என்று குறிக்கப்படாத ஆக்டிவ்எக்ஸையும் ஓட விடு, பாப்-அப் தடையை எடு, பழைய பதிப்பு போலக் காட்டும் கம்பாட்டிபிலிட்டி வியூவில் போடு. ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டால் ஆன்டிவைரஸையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள் சார் என்பார்கள். டோக்கன் மென்பொருள் நிறுவ அட்மின் உரிமை கேட்கும் என்பதால் எல்லோருமே அட்மின் கணக்கில்தான் உட்கார்ந்திருப்போம்.

இந்த நிலையில் வந்ததுதான் 2020 ஜனவரி. அந்த மாதம் 14-ஆம் தேதி விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. மூன்றே நாளில், 17-ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: ஐஇ-யின் ஸ்கிரிப்ட் என்ஜினில் (பக்கத்தில் இருக்கும் நிரலை ஓட்டும் பகுதி) நினைவகச் சீர்குலைவுக் குறை, குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து ஏற்கெனவே பயன்படுத்தப்படுகிறது, திருத்தம் இன்னும் தயாராகவில்லை. பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவாக இடும் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2020-0674. எங்கள் கணினிகளில் பாதிக்கு மேல் அப்போது விண்டோஸ் 7.

குறை என்ன என்று பார்த்தால், இடம் மிகச் சாதாரணமானது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வரிசையை அடுக்கச் சொல்லும்போது, இரண்டு மதிப்புகளில் எது முந்தி என்று சொல்ல நாமே ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம். அந்த ஃபங்ஷனுக்குள் வரும் இரண்டு மதிப்புகளும் உபயோகத்தில் இருக்கின்றன என்று குறித்து வைக்க என்ஜின் தவறிவிட்டது. வேண்டாத நினைவகத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் நடுவில் ஓடினால், அந்த இடத்தை விடுவித்துவிடும். அந்த மதிப்பைச் சுட்டும் மாறி (வேரியபிள்) மட்டும் இன்னும் அந்த முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். லாட்ஜில் அறையைக் காலி செய்தவரிடம் சாவி தங்கிவிட்ட கதை. அடுத்து அந்த அறைக்கு யார் வந்தாலும் இவர் உள்ளே போய்வரலாம். தாக்குபவர் அந்தக் காலி இடத்தில் தன் சரக்கை நிரப்பிவைப்பார், என்ஜின் அதைத் தன் பொருள் என்று நம்பி எடுக்கும், அப்புறம் நம் கணக்கின் உரிமையில் அவருடைய நிரல் ஓடும். நம் கணக்கு அட்மின் என்றால் கணினியே அவருடையது. இதற்கு ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். எதையும் டவுன்லோட் செய்யவோ ‘யெஸ்’ அழுத்தவோ தேவையில்லை.

ஒரு சின்ன ஆறுதலும் அறிவிப்பில் இருந்தது. ஐஇ 9 முதல் 11 வரை வழக்கமாக ஓடுவது ‘ஜேஸ்கிரிப்ட்9’ என்ற புது நூலகக் கோப்பு. குறை இருப்பது பழைய ‘ஜேஸ்கிரிப்ட்’ கோப்பில். ஆனால் பழையதை அழைப்பது கஷ்டமே இல்லை. ஒரு இணையப் பக்கம் ‘நான் ஐஇ 8 காலத்துப் பக்கம்’ என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டு, ஸ்கிரிப்ட்டைப் பழைய மொழிப் பெயரில் கேட்டால், ஐஇ 11 மறுபேச்சு இல்லாமல் பழைய என்ஜினை எடுத்துக் கொடுத்துவிடும். பழைய தளங்கள் உடையக்கூடாது என்று வைத்த வசதி அது, எங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது.

திருத்தம் வரும் வரைக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு தற்காலிக வழி சொன்னது: கமாண்ட் வரியில் அந்தக் கோப்பின் உரிமையை எடுத்துக்கொண்டு, யாருமே அதைத் தொடக்கூடாது என்று அனுமதியை மாற்றிவிடு. 64-பிட் கணினியில் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். திருத்தம் நிறுவும் முன் மறக்காமல் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டும். இதைச் செய்த இடங்களிலிருந்து விதவிதமான புகார்கள் வந்தன: சில யூஎஸ்பி பிரிண்டர்கள் அச்சிடவில்லை, மீடியா பிளேயரில் எம்பி4 ஓடவில்லை. பிரவுசரில் ஓட்டையை அடைத்தால் பிரிண்டர் ஏன் படுக்க வேண்டும்? அந்தக் கோப்பு பிரவுசருக்கு மட்டும் சொந்தமில்லை, விண்டோஸுக்குள் வேறு பலரும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

நாங்கள் அந்தக் கமாண்டைப் போடவில்லை. டெண்டர் தளம் தவிர வேறு எதையும் ஐஇ-யில் திறக்கக்கூடாது என்று, இணையப் போக்குவரத்தை நடுவில் வடிகட்டும் பிராக்ஸி வைத்துத் தடுத்தோம். திருத்தம் பிப்ரவரி 11-ஆம் தேதி வந்தது. விண்டோஸ் 7-க்கு, காசு கட்டி நீட்டிப்பு ஆதரவு வாங்கியவர்களுக்கு மட்டும். ஆக, டோக்கன் வேலை செய்யும் கணினிகளை முதலில் விண்டோஸ் 10-க்கு மாற்றினோம். ஓனருக்கு அந்தப் பில்லைக் காட்டிய நாளைப் பற்றி இங்கே வேண்டாம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது பிறகு படித்த ஒரு விஷயம். இந்தக் குறை புதிதே அல்ல. 2018 டிசம்பரில் அவசரமாக அடைத்த ஒன்று, 2019 செப்டம்பரில் அடைத்தது, அதே நவம்பரில் அடைத்தது, அப்புறம் இது. நான்கும் ஒரே வகை என்று கூகுளின் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: கார்பேஜ் கலெக்டர் கண்ணில் படாமல் தப்பிய மதிப்புகள். ஒவ்வொரு முறையும் ஓட்டை வழியை அடைத்தார்களே ஒழிய, அடியில் இருந்த சுவரை யாரும் தொடவில்லை. பழைய நிரலில் கைவைக்கப் பயம் இருக்கும்தான். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் ‘அப்டேட் போட்டாச்சு, பாதுகாப்பு’ என்று நிம்மதியாக இருந்த எனக்கு அது ஒரு பாடம்.

2022 ஜூன் 15-ஆம் தேதி ஐஇ ஓய்வு பெற்றது. 2023 பிப்ரவரி 14-ஆம் தேதி வந்த, மைக்ரோசாஃப்டின் புது பிரவுசரான எட்ஜின் அப்டேட், பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் அதைத் திறக்கவே முடியாமல் செய்தது. ஐகானை அழுத்தினால் எட்ஜ் வரும். நல்லது. ஆனால் இரண்டு தேதிகளுக்கும் நடுவில் தென்கொரியாவில் ஒன்று நடந்தது. 2022 அக்டோபர் 29-ஆம் தேதி சோல் நகரின் இதேவோன் பகுதியில் கூட்ட நெரிசலில் அவ்வளவு பேர் இறந்தார்கள் இல்லையா, அதைப் பற்றிய அறிக்கை போல ஒரு வேர்டு ஆவணம் இரண்டே நாளில் சுற்றியது. அதைத் திறந்தால், வெளியிலிருந்து ஒரு டெம்ப்ளேட் (ஆவண வார்ப்பு) இறங்கி, அதிலிருக்கும் ஹெச்டிஎம்எல்லை, அதாவது இணையப் பக்க நிரலை, ஆஃபீஸ், ஐஇ-யின் என்ஜின் வழியாகக் காட்டும். குறை இந்த முறை ‘புது’ ஜேஸ்கிரிப்ட்9-இல். வடகொரியக் குழு ஒன்றின் வேலை என்றது கூகுள்; நவம்பர் 8-ஆம் தேதி திருத்தம் வந்தது. பயனரின் பிரவுசர் குரோமாகவே இருக்கட்டும், ஆவணத்தைத் திறந்த வேர்டு கூப்பிடுவது ஐஇ-யைத்தான். கொரியாவிலும் வங்கி வேலைக்கு ஆக்டிவ்எக்ஸ் கட்டாயம் என்று பல வருடம் ஐஇ-யோடு கட்டுண்டு கிடந்தார்கள். எங்கள் கதை அவர்களுக்குப் புரியும்.

இப்போது எட்ஜுக்குள், பழைய தளங்களை ஐஇ-யின் என்ஜினில் திறக்கும் ஐஇ மோட் இருக்கிறது, குறைந்தது 2029 வரை ஆதரவு என்கிறார்கள். பழைய தளத்துக்கு இது போதும். டோக்கன் ஒழுங்காகப் படிக்கிறது. நாமே சேர்க்கும் முகவரி 30 நாளில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே சரி என்று படுகிறது. 2025 ஆகஸ்டில், போலித் தளத்துக்கு ஆளை வரவழைத்து, ‘இந்தப் பக்கத்தை ஐஇ மோடில் திறவுங்கள்’ என்று சொல்லித் திறக்க வைத்து, உள்ளே இருக்கும் ஐஇ-யின் ஸ்கிரிப்ட் என்ஜினான பழைய சக்ராவின் குறை வழியாகக் கணினியைப் பிடித்த தாக்குதல்கள் தெரியவந்தன. அதன் பிறகு சாதாரணப் பயனர்களுக்கு ஐஇ மோட் பொத்தானையும் மெனுவையும் எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸுக்குள் போய், முகவரி முகவரியாகச் சேர்த்தால்தான் திறக்கும்.

எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி: ஐஇ மோட் ஒரே ஒரு கணினியில். அதில் மெயில் கிடையாது, ஆஃபீஸ் கிடையாது, கணக்கும் அட்மின் இல்லை. டோக்கன் மென்பொருளை நிறுவ மட்டும்தான் அட்மின் தேவை, ஓட்டத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டோம். பிட் ஆவணங்களை வேறு கணினியில் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவருகிறோம். மற்ற எல்லாக் கணினிகளிலும் எட்ஜ் செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் பிரவுசர்’ பக்கத்துக்குப் போய், ஐஇ மோடில் மறுபடி திறக்கும் வசதியை ‘டோன்ட் அலவ்’ என்று வைத்துவிட்டோம். புதுத் தளங்கள் பெரும்பாலும் தனிக் கையெழுத்து மென்பொருளுக்கு மாறிவிட்டதால், அந்த ஒரு கணினியை வாரக்கணக்கில் யாரும் தொடுவதே இல்லை. உங்கள் அலுவலகத்திலும் டோக்கன் வேலை இருந்தால், தளத்தின் பழைய கையேட்டை வைத்துக்கொண்டு ஆக்டிவ்எக்ஸ் அனுமதிகளைத் திறக்கும் முன், அந்தத் தளத்துக்குப் புதுக் கையெழுத்து மென்பொருள் வந்திருக்கிறதா என்று ஹெல்ப்டெஸ்க்கில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் வந்துவிட்டது, கையேட்டைத்தான் யாரும் மாற்றவில்லை.